"பிடிக்கவில்லை" என்று எழுதிய மூன்று இடங்கள்

1. செவ்வாய்க்கிழமை

2011 ஆகஸ்ட் 9, செவ்வாய்க்கிழமை. காலை 4.40க்கு எழுந்தேன். வெளியே குளிர், புல்லில் பனி. தேத்தண்ணி, இரண்டு துண்டு பாண். 5.50க்கு சிட்னியின் நார்த்மீட்டில் பஸ், பரமட்டாவில் இறங்கி இன்னொரு பஸ். 6.40க்கு முதியோர் இல்லத்தின் பின்கதவு. 6.50க்கு ஹாண்டோவர், இரவு வேலைக்காரர் பொறுப்பை ஒப்படைக்கும் நேரம். ஒன்பதாம் அறைக்காரர் இரவு நித்திரை கொள்ளவில்லை என்றும், பதினான்காம் அறை ஜீன் நேற்று இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை என்றும் இரவு வேலைக்காரர் சொன்னார்கள். 7 மணியிலிருந்து 9.15 வரை ஆறு பேரைக் குளிக்கவார்த்து, உடுப்பு மாற்றி, கதிரைகளில் இருத்தினோம். 9.30க்கு தேத்தண்ணி வண்டில்.

10.20க்கு மனேஜர் லொறெய்ன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் நாட்குறிப்பில் எல்லாருடைய ஆங்கிலமும் நான் பேசும் தமிழாகவே பதிவாகும். லொறெய்ன் தமிழ் பேசியதில்லை. ஆனால் அவர் சொன்னதை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

"சிவமலர், நீங்கள் ஒரு கொப்பி வைச்சிருக்கிறீங்களாம். மரிசோல் சொல்லுறதெல்லாம் அதில எழுதியிருக்கிறீங்களாம். உண்மையோ?"

ஓம் என்றேன். ஒளிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. லொக்கரில் இருந்து எடுத்து வந்து கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கோடு போட்டு, பக்க எண் போட்டு, திகதியும் நேரமும் விடாமல் எழுதிய கொப்பி அது. லொறெய்ன் பக்கங்களைப் புரட்டினார். ஸ்பானிய மொழிச் சொற்கள் ஆங்கில எழுத்தில் இருந்தன. மற்றதெல்லாம் தமிழ். வெள்ளிக்கிழமைக்குள் அப்படியே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துத் தரச் சொன்னார். ஒன்றையும் விடக்கூடாது, கூட்டவும் கூடாது. ஒருவரோடும் பேசவும் கூடாது.

பிறகுதான் விசயத்தைச் சொன்னார். என்னோடு வேலை செய்யும் மரிசோல், ரெசிடென்ட் ஒருவரை, அதாவது இல்லத்தில் இருக்கும் முதியவர் ஒருவரை, அவமதிக்கும் சொல்லால் கூப்பிடுகிறார் என்று குடும்பத்திடமிருந்து எழுத்தில் முறைப்பாடு வந்திருக்கிறது. மரிசோலிடம் ஏற்கெனவே ஒரு எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது, முந்தின வருடம் பிந்தி வந்ததற்காக. இதுவும் உறுதியானால் அவருக்கு இனி ரோஸ்டரில், வேலை நேரப் பட்டியலில், இடமில்லை.

மரிசோலுக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. முழங்கால் சரியில்லை. வேறு யார் வேலை கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

2. கொப்பி தொடங்கிய கதை

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தது 2009 ஒக்டோபர் 12, திங்கட்கிழமை. அதற்கு முன் ஊரில் காணிப் பதிவு அலுவலகத்தில் பதினான்கு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். காணி உறுதியில் ஒரு எல்லை பிழைத்தால் இரண்டு குடும்பம் ஆயுளுக்கும் கதைக்காது. கையில் கொப்பி இல்லாமல் எனக்கு ஒன்றும் விளங்காது.

முதியவர்களைப் பராமரிக்கும் கெயரர் வேலை புதிது. என்னைப் பழக்க விட்டது மரிசோலிடம். சிலி நாட்டுக்காரி. துறைமுக நகரம் ஒன்றில் பிறந்து, எண்பதுகளில் சிட்னிக்கு வந்தவர். கட்டையான, அகலமான உருவம். ஒருவரைப் படுக்கையில் புரட்டுவது எப்படி, ஆளைத் தூக்கும் ஸ்லிங் பட்டியை எப்படி மாட்டுவது, உணவு தொண்டையில் சிக்காமல் ஊட்டுவது எப்படி என்று எல்லாவற்றையும் அவரிடம்தான் கற்றேன்.

அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். மெலிந்தவரை "ஃப்ளாக்கோ", மெலிந்தவள் என்றால் "ஃப்ளாக்கா". வயதானவரை "வியஹீட்டா", அதாவது கிழவிக்குட்டி. எண்பத்தொன்பது வயதுக்காரியை "ரெய்னா", ராணி. தலை வாரி இழுக்க வசதியாக அசையாமல் இருந்தால் "ப்ரெசியோசா", அருமையானவள். குண்டானவர் "கோர்டோ", "கோர்டீட்டா".

நான் "நெக்ரீட்டா".

முதல் நாளே கேட்டேன், அது என்ன என்று. அவர் என் கையைத் தன் கையோடு சேர்த்து வைத்துக் காட்டினார். கறுப்பி. சின்னக் கறுப்பி. பிறகு சிரித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார். ஒன்பதாம் அறை வாசலில் துவாய்க் கட்டோடு நான் நின்றேன்.

எங்கள் வீட்டில் என்னை ஐயா கறுப்பி என்றுதான் கூப்பிடுவார். ஒரு நாளும் எனக்கு அது உறைத்ததில்லை. அதே சொல்லைப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள், கலியாணம் பேச வந்தவர்களும் மெதுவாகச் சொன்னார்கள். அதை இன்றைக்கும் மறக்கவில்லை. அண்ணனைக் கட்டை என்போம், மாமியைக் குண்டு மாமி என்போம், அதில் ஒருவருக்கும் கோபம் வந்ததில்லை. இதெல்லாம் தெரிந்த எனக்கு, மரிசோல் சொன்னது ஐயா சொன்ன சொல்லா, பள்ளிக்கூடத்துச் சொல்லா என்று தெரியவில்லை.

தெரியாததால் எழுதினேன். அன்று மாலை பரமட்டாவில் கொப்பி வாங்கினேன். திகதி, நேரம், யார், யாரிடம், சொல், கருத்து என்று கோடு போட்டேன். கடைசியில் ஒடுக்கமாக ஒரு நிரல் மிஞ்சியது. அதற்கு "என் குறிப்பு" என்று தலைப்பிட்டேன். அந்த நிரலில் ஒக்டோபர் 12, 14, 20 ஆகிய மூன்று நாட்களிலும் எழுதியது ஒரே சொல்: "பிடிக்கவில்லை."

3. இரண்டு நாடு, ஒரு குசினி

2010 தொடக்கத்தில் குசினிக்கு வில்மர் வந்தார். கொலம்பியா நாட்டிலிருந்து படிக்க வந்த முப்பது வயதுக்காரர், காலையில் எங்களிடம் சமையல். அவரும் ஸ்பானிய மொழிதான். இனிச் சந்தேகம் எல்லாம் தீர்ந்துவிடும் என்று நினைத்தேன். இரண்டு மடங்காயிற்று.

நல்லது, அருமை என்பதற்கு மரிசோல் "பக்கான்" என்பார். வில்மர் "பக்கானோ" என்பார், அல்லது "சேவெரே". இப்போதே என்பதற்கு மரிசோல் "அல் தீரோ" என்றால் வில்மர் கரண்டியோடு திகைத்து நிற்பார். செம்பட்டைத் தலைமயிர்க்காரரான தோட்டக்காரரை வில்மர் "மோனோ" என்று கூப்பிட, மரிசோல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் ஊரில் அது குரங்கு. வில்மர் ஊரில் பொன்னிறத் தலைக்காரர். யார் சொல்வது சரி என்று கேட்டேன். இருவரும் ஒரே நேரத்தில் தங்கள் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்கள்.

அதனால் ஒரு நிரலை மாற்ற வேண்டி வந்தது. பக்கம் அகலம் போதாது. "என் குறிப்பு" என்ற கடைசி நிரலை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் "நாடு" என்று போட்டேன். அது 2010 பெப்ரவரி. அப்போது அது மிகச் சரியான திருத்தமாகத்தான் தெரிந்தது.

கொப்பி இருப்பது இருவருக்கும் தெரியும். ஒளித்து எழுதவில்லை. தேத்தண்ணி நேரத்தில் மரிசோல் என் பக்கத்துக் கதிரையில் வந்திருந்து, "இண்டைக்கு இதை எழுதினனியோ?" என்று கேட்பார். எழுத்துக் கூட்டிச் சொல்வார். நான் தமிழில் எழுதுவதை எட்டிப் பார்த்து, பின்னல் கோலம் போலிருக்கிறது என்பார். அந்தக் கொப்பியில் பாதி அவர் வாயால் சொல்லி நான் எழுதியது.

பாராட்டில்தான் எனக்கு அதிகம் குழப்பம். ஒரு நாள் நீல நிறக் கம்பளிச் சட்டை போட்டுப் போனேன். மரிசோல் தூரத்திலேயே நின்று "ரேஹியா!" என்றார். ராசாத்தி மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். நான் உடனே, இது பழசு, பாவித்த சாமான் விற்கும் ஒப் ஷொப்பில் எடுத்தது, முழங்கையில் தைத்திருக்கிறேன் என்று கையை மடக்கிக் காட்டினேன். நாங்கள் அப்படித்தானே சொல்வோம். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நான் உனக்கு ஒண்டு தந்தனான். நீ அதைத் திருப்பி என்ர மூஞ்சையில எறியிறாய்."

வில்மரிடம் போய்க் கேட்டேன். அவர் ஊரில் யாராவது ஒரு பொருளைப் பாராட்டினால், "ஆ லா ஓர்டென்" என்று சொல்ல வேண்டுமாம். உங்கள் விருப்பப்படி, எடுத்துக்கொள்ளலாம் என்பது மாதிரி. அப்படியானால் சட்டையைக் கழற்றிக் கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். சொல்லத்தான் வேண்டும், கொடுக்கத் தேவையில்லை என்றார். மரிசோல் குறுக்கிட்டு, அதெல்லாம் கொலம்பியக் கூத்து, நன்றி என்று சொன்னால் போதும் என்றார். மூன்று ஊர் வழக்கத்தையும் அன்று வரிசையாக எழுதிவைத்தேன். அதில் எதைச் செய்வது என்று இன்றுவரை முடிவு செய்யவில்லை.

வில்மர் என்னை ஒரே ஒரு சொல்லால்தான் பாராட்டுவார்: "ஹுய்சியோசா." சொன்னபடி ஒழுங்காக, கவனமாக வேலை செய்கிற ஆள். அவர் ஊரில் அம்மாமார் பிள்ளைகளுக்குச் சொல்வதாம். நான் கோடு போடும்போதெல்லாம் குசினி ஜன்னலிலிருந்து அந்தச் சொல் வரும்.

4. பதினான்காம் அறை

முறைப்பாடு ஜீனைப் பற்றியது. ஜீனுக்கு எண்பத்துநான்கு வயது. மறதி நோய். பெரிய உடம்பாக வந்தவர் வரவர இளைத்துக்கொண்டு போனார். யார் ஊட்டினாலும் வாயை இறுக்கி மூடிக்கொள்வார். மரிசோல் மட்டும் கரண்டியை எடுத்து, "கோர்டீட்டா, மி கோர்டீட்டா" என்று ராகம் இழுத்தால் வாய் திறக்கும். குஞ்சு வாய் திறப்பதுபோல. நான் பக்கத்தில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். கொப்பியில் ஜீனுக்கு நேரே அந்தச் சொல் முப்பத்தொரு முறை இருக்கிறது. வாய் திறந்ததாக ஒரு முறையும் இல்லை. அதற்கு நிரல் இல்லை.

ஜூலை கடைசியில் ஒரு நாள் ஜீனின் மகள் வந்திருந்தபோது இதைக் கேட்டிருக்கிறார். தட்டை எடுக்க வந்த வில்மரிடம் அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து என்று விசாரித்திருக்கிறார். வில்மர் பொய் சொல்லத் தெரியாதவர். குட்டிக் குண்டம்மா என்று சொல்லிவிட்டார்.

மகளைக் கெட்டவராக எழுத எனக்கு மனம் வரவில்லை. இரண்டு நாள் கழித்து அவர் நடைபாதையில் என்னிடம் சொன்னது இது. எழுதிவைத்திருக்கிறேன்.

"எங்கட அப்பா நாப்பது வருசம் அம்மாவைக் குண்டு எண்டுதான் கூப்பிட்டவர். ஆக்களுக்கு முன்னால. அம்மா வாழ்க்கை முழுக்கப் பட்டினி கிடந்தவ. கடைசிக் காலத்தில இஞ்சயும் அதைக் கேக்க வேணுமே?"

மகள் சொன்னது உண்மை. நான் கண்ட வாயும் உண்மை. இரண்டையும் எந்த நிரலில் போடுவது?

5. மொழிபெயர்ப்பு

முறைப்பாடு வந்தபின் மரிசோலை அறைகளுக்குப் போகவிடாமல் லோண்டரியில் துணி மடிக்க விட்டார்கள். ஆகஸ்ட் 10ஆம் திகதி நான் படுக்கை விரிப்பு எடுக்கப் போனபோது, உலர்த்தும் இயந்திரச் சத்தத்துக்கு மேலாகப் பேசினார்.

"நெக்ரீட்டா, உன்ர கொப்பியை லொறெய்ன் கேட்டவவாம்? நல்லது. குடு. நான் ஆருக்கும் ஒரு கூடாத சொல் சொன்னதில்லை எண்டு அதில கிடக்கும். நீ ஒண்டும் விடமாட்டாய்."

பேசக்கூடாது என்று லொறெய்ன் சொல்லியிருந்தார். நான் பேசவில்லை. விரிப்புகளை எண்ணிக் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு.

அன்று மாலையும் மறுநாள் மாலையும் சாப்பாட்டு மேசையில் இருந்து மொழிபெயர்த்தேன். கொப்பியின் முதல் பக்கத்திலேயே அது வந்துவிட்டது. ஒக்டோபர் 12. நெக்ரீட்டா. பிடிக்கவில்லை. இரண்டாம் பக்கத்தில் இன்னும் இரண்டு முறை. இருபத்திரண்டு மாதத்தில் நான் அந்தப் பக்கங்களைத் திரும்பப் பார்த்திருக்கவில்லை.

என் கணவர் பக்கத்தில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டேன். கணவரிடம் பேசுவதும் பேசுவதுதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

"அந்த மூண்டு சொல்லையும் விடுமன். ஆருக்குத் தமிழ் தெரியும்?" என்றார்.

"ஒண்டையும் விடக்கூடாதெண்டு சொன்னவ."

"அப்ப போடும். உண்மைதானே. உமக்குப் பிடிக்கேல்லைத்தானே?"

"அப்ப பிடிக்கேல்லை."

"இப்ப?"

பேனையை மூடி வைத்தேன். இப்போது அந்தச் சொல் பிடித்திருக்கிறதா என்று நான் ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. காலையில் பின்கதவைத் தள்ளியதும் அது வரும். மணி அடிப்பது மாதிரி. மணி பிடித்திருக்கிறதா என்று யார் கேட்பார்கள்? ஆனால் எந்த நாளில் அது மாறியது? அதைத்தான் தேடினேன். கொப்பியில் நிரல் இல்லை. ஆகவே வீட்டு நாட்குறிப்புகளை எடுத்தேன். 2009, 2010, 2011. மழை பெய்த நாள் இருக்கிறது. பஸ் பிந்திய நிமிடம் இருக்கிறது. ஊருக்குக் கதைத்த நேரம் இருக்கிறது. எனக்குப் பிடிக்காமல் இருந்த ஒன்று பிடித்துப்போன திகதி எங்கேயும் இல்லை.

2010 மார்ச் 3, புதன்கிழமைக்கு நேரே மட்டும் ஒரு வரி இருந்தது. எழுதியது ஞாபகம் இல்லை. என் கையெழுத்துத்தான்.

மூன்று சொற்களையும் அப்படியே ஆங்கிலத்தில் போட்டேன். வெள்ளிக்கிழமை 12ஆம் திகதி காலை 10 மணிக்கு பதினொரு பக்கங்களைக் கொடுத்தேன். லொறெய்ன் அங்கேயே வாசித்தார். முதல் பக்கத்தில் நின்றார்.

"இது முக்கியம், சிவமலர். இப்ப முறைப்பாடு ஒண்டில்லை, ரெண்டு."

நான் முறைப்பாடு செய்யவில்லை என்றேன். நீங்கள் எழுதித் தந்திருக்கிறீர்கள், கையெழுத்தும் வைத்திருக்கிறீர்கள் என்றார். அவர் சொன்னதிலும் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை.

6. கூட்டம்

ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை, பிற்பகல் 2 மணி. லொறெய்னின் அறையில் நான்கு கதிரைகள். லொறெய்ன், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெண், மரிசோல், நான். மரிசோல் காதில் தொங்கட்டானும் உதட்டில் சாயமும் போட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் அவர் பக்கத்துச் சாட்சி என்று நினைத்திருக்கிறார்.

லொறெய்ன் முதலில் ஜீனின் மகளின் கடிதத்தை, தகப்பன் நாற்பது வருடம் குண்டு என்று கூப்பிட்டது உட்பட, வாசித்தார். மரிசோல் தலையாட்டிக் கேட்டார், கை பிசைந்தார், அந்தத் தகப்பனைப் பற்றித் தனக்குத் தெரியாது என்றார். தெரிந்திருந்தால் வேறு சொல் தேடியிருப்பேன் என்றார். பிறகு லொறெய்ன் என் பக்கங்களை எடுத்தார். திகதியோடு வாசித்தார். மூன்று திகதி.

மரிசோல் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என்னைப் போலவே ஒன்றும் விளங்காத முகம்.

"மூண்டு தரமோ?" என்று கேட்டார். "ஏன் எனக்கு அண்டைக்கே சொல்லேல்லை?"

"நான் எழுதினனான்," என்றேன்.

சொன்ன பிறகுதான் அது பதில் இல்லை என்று தெரிந்தது.

தலைமை அலுவலகப் பெண் நல்ல நிதானமானவர். அதன் பிறகும் அந்தச் சொல் எனக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டார். இல்லை, இப்போது அப்படி இல்லை என்றேன். எப்போதிலிருந்து என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யார் எந்தத் திகதியைக் கேட்டாலும் நான் சொல்லியிருக்கிறேன். மருந்து மாறிய நாள், ஒருவர் விழுந்த நேரம், சக்கர நாற்காலி பழுதாகிய நாள் எல்லாம் என்னிடம்தான் கேட்பார்கள்.

"எனக்குத் திகதி தெரியாது," என்றேன்.

லொறெய்ன் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் பையிலிருந்து 2010 நாட்குறிப்பை எடுத்தேன். இது கொப்பி இல்லை, என் வீட்டுப் பொருள், ஆனால் ஒரு வரி வாசிக்க அனுமதி வேண்டும் என்றேன். மார்ச் 3. மரிசோலுக்கு அன்று முழங்காலில் ஊசி போட்டார்கள், வேலைக்கு வரவில்லை. நான் எழுதியிருந்ததைத் தமிழில் ஒருமுறை வாசித்து, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"மரிசோல் லீவு. இன்று முழுக்க என்னை ஒருவரும் கூப்பிடவில்லை."

தலைமை அலுவலகப் பெண், அன்று மற்றவர்கள் உங்களிடம் பேசவில்லையா என்று கேட்டார். பேசினார்கள், என் பெயரைச் சொல்லிப் பேசினார்கள் என்றேன். அப்படியானால் இந்த வரி சரியில்லையே என்றார். சரியில்லைத்தான் என்றேன். ஆனால் அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

அவர் அந்த வரியைத் திகதியோடு தன் தாளில் எழுதிக்கொண்டார்.

எங்கள் இருவரையும் வெளியே விட்டு இருபது நிமிடம் பேசினார்கள். மரிசோல் சுவரோடு இருந்த கதிரையில் இருந்தார். நான் நின்றேன். திரும்பக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். மரிசோலின் வேலை போகாது. ஆனால் ஜீனின் அறைக்கு இனிப் போகக்கூடாது. மேலும், இந்தக் கட்டடத்தில் இருப்பவர்களையும் வேலை செய்பவர்களையும் அவரவர் எழுத்தில் கேட்டுக்கொண்ட பெயரால் மட்டுமே கூப்பிட வேண்டும். ரெசிடென்ட் என்றால் கெயார் பிளானில், பராமரிப்புத் திட்டத்தில், இருக்கும் பெயர். வேலையாள் என்றால் நெஞ்சில் குத்தும் பெயர்ப்பட்டியில் இருக்கும் பெயர். மரிசோல் கையெழுத்திட்டார்.

2.50க்கு லோண்டரியில் அவரைப் பார்த்தேன். கழுவிய துவாய்க் கூடை என் பக்கத்தில் இருந்தது.

"மிஸிஸ் சிவமலர்," என்றார், என் நெஞ்சில் இருந்த பட்டியைப் பார்த்து, எழுத்தெழுத்தாக. "அந்தக் கூடையைத் தாங்கோ."

அவ்வளவு சரியாக என் பெயரை அந்த இடத்தில் ஒருவரும் உச்சரித்ததில்லை. கூடையைக் கொடுத்தேன். நன்றி என்றார். 3 மணிக்குக் கையெழுத்திட்டு வெளிக்கிட்டேன். குசினி ஜன்னலில் வில்மர் நின்றார். என் மேல் பிழை ஒன்றும் சொல்லவில்லை. தன் மேல்தான் சொன்னார், அந்தத் தட்டை வேறு யாரையாவது எடுக்க விட்டிருக்கலாம் என்று.

வீட்டில் நான் பேசாமல் புட்டு அவித்ததைக் கணவர் கவனித்திருக்கிறார். முழுவதையும் கேட்டார். அவளுடைய வேலை தப்பிவிட்டது, பிறகென்ன என்றார். அவள் இனி என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவாள் என்றேன்.

"உம்மைக் கறுப்பி எண்டு கூப்பிடமாட்டாள் எண்டோ இப்ப கவலை? நான் இருபத்தேழு வருசமா உம்மட பேரைச் சொல்லித்தானே கூப்பிடுறன்."

"ஓம்," என்றேன். "நீங்கள் ஒரு பிழையும் விடேல்லை."

அவர் புட்டைப் பிசைந்தபடி யோசித்தார். என்ன யோசித்தார் என்று கேட்கவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் வந்து, எதை எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று கேட்கிறார்கள். எல்லாவற்றையும் எழுதுங்கள் என்றுதான் இன்றும் சொல்கிறேன். ஆனால் ஒருவர் சொன்னதை எழுதினால், கேட்டவர் முகம் என்னவாயிற்று என்பதற்கும் ஒரு நிரல் விடுங்கள். உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் எழுதுவதற்கு முன் அவரிடம் சொல்லுங்கள். பிறகு பிடித்துப்போனால், அந்தத் திகதியையும் மறக்காமல் போடுங்கள். ஜீனின் விசயத்தில் எது சரி என்று என்னைக் கேட்காதீர்கள். அவர் மகள் கேட்டதுதான் நடந்தது. ஜீன் அதன் பிறகு யாருக்கும் அப்படி வாய் திறக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் எழுதிவைத்திருக்கிறேன், நடுவில் கோடு போடவில்லை.

மறுநாள் ஆகஸ்ட் 19, வெள்ளிக்கிழமை. 4.40க்கு எழுந்தேன். வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ். 6.20க்குப் பின்கதவு. லொக்கரைத் திறக்கவில்லை, ஏப்ரனும் கட்டவில்லை. முதலில் அலுவலகத் தட்டில் இருந்து பெயர்ப்பட்டி மாற்றும் விண்ணப்ப ஃபோம் ஒன்றை எடுத்தேன். வேலையாள் இலக்கம் எழுதினேன். பட்டியில் இருக்க வேண்டிய பெயர் என்ற இடத்தில், கட்டத்துக்கு ஒன்றாக, ஏழு ஆங்கில எழுத்தில் நெக்ரீட்டா என்று நிரப்பினேன். மாற்றுவதற்கான காரணம் என்று ஒரு வரி விட்டிருந்தார்கள். அதில், பிடித்திருக்கிறது என்று எழுதி, திகதியும் நேரமும் போட்டு, 6.31க்கு லொறெய்னின் கதவுக்குக் கீழால் தள்ளினேன்.